கோட்டுத் தையலில் வந்த ஈஸ்ட்

கிளியோபாஸ் காய்ச்சிய பீரில் ஒரு கோப்பை போதும், பிணம்கூட எழுந்து உட்கார்ந்து இன்னொரு கோப்பை கேட்கும். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன்தான். எழுந்து உட்கார்ந்தது பிணம் இல்லை, சவப்பெட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சில் படுத்திருந்த சாவுப்பாட்டுக்காரர். இரண்டு நாள் விடாமல் பாடிக் களைத்துப்போன மனுஷர், கைகளை மார்பில் கோத்துக்கொண்டு படுத்திருந்த அழகில், புதிதாக வந்தவர்கள் யாருக்கு முன்னால் மண்டியிடுவது என்று தெரியாமல் திகைத்தார்கள். கிளியோபாஸ் பீர் ஜாடியோடு உள்ளே நுழைந்தான். வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், அவர் விறைப்பாக எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார். ஒரு கிழவி மயங்கி விழுந்தாள். அவளுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள், அவளும் எழுந்து உட்கார்ந்தாள். ஆக ஒரே பீரில் இரண்டு பேர் எழுந்தார்கள். எண்ணிக்கையில் நான் பொய் சொல்வதில்லை.

கிளியோபாஸ் எனக்கு வேலிக்கு அடுத்த வீடு. எங்கள் கார்க்லினே கிராமத்தில் கூட்டுப்பண்ணை கலைகிற நாள்வரைக்கும் அறுவடை இயந்திரம் ஓட்டியவன். நெட்டை என்றால் அப்படியொரு நெட்டை. வாசலில் குனிய மறந்த நாளெல்லாம் நெற்றியில் ஒரு புடைப்பு இருக்கும், அதை வைத்தே அவன் எந்த வீட்டுக்குப் போய் வந்தான் என்று நான் சொல்லிவிடுவேன். எங்கள் பிர்ஷாய் வட்டாரத்தில் பீர் காய்ச்சாத வீடே கிடையாது. அதனால் அவன் பீர் காய்ச்சினான் என்பது ஒரு சேதியே இல்லை. சேதி, அவனுடைய ஈஸ்ட்.

பாலுக்கு உறை ஊற்றுகிற வீட்டில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைப்பார்கள் அல்லவா, பீருக்கும் அப்படித்தான். பீப்பாய் காலியானதும் அடியில் வெண்ணெய் போலத் தங்கியிருக்கும் வண்டலை வழித்து ஜாடியில் போட்டு, வாய்க்கு லினன் துணியைக் கட்டி, துலாக் கிணற்றுக்குள் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே கயிற்றில் தொங்கவிடுவோம். அடுத்த தடவை காய்ச்சும்போது அந்த ஈஸ்ட், அதற்கடுத்த தடவை அதன் பிள்ளை, பிறகு பேரன். யார் வீட்டிலாவது ஈஸ்ட் செத்துப்போனால் பக்கத்து வீட்டில் போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கும் சில முறைகள் உண்டு. கேட்கப் போனவன் முதலில் அந்த வீட்டுப் பீரைக் குடிக்க வேண்டும். கோப்பை காலியாகும்வரை வந்த விஷயத்தை வாயால் சொல்லக்கூடாது. கொடுத்ததும் நன்றி சொல்லக்கூடாது, சொன்னால் ஈஸ்ட் செத்துவிடும். நான் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் ஈஸ்டுக்கு இதுவரை யாருக்கும் நன்றி சொன்னதும் இல்லை.

கிளியோபாஸின் ஈஸ்ட் அவன் அம்மா வழி வந்தது. நாற்பத்தொன்பதில் சிப்பாய்கள் வந்து அவர்கள் குடும்பத்தைச் சைபீரியாவுக்கு நாடுகடத்தி ரயிலேற்றியபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. மூட்டை கட்ட ஒரு மணி நேரம் கொடுத்தார்களாம். மற்றவர்கள் பன்றிக் கொழுப்பையும் போர்வையையும் எடுத்தார்கள். அவன் அம்மா, லினன் துணியில் தடவிக் காயவைத்திருந்த ஈஸ்டைத் துணியோடு மடித்துக் கோட்டின் ஓரத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். அங்கே எட்டு வருஷம் அதில் ரொட்டி சுட்டாள். கம்பு கிடைத்தபோது, கிடைத்தது என்றுதான் அவன் சொல்வான், எங்கிருந்து என்று சொல்ல மாட்டான், ஒரு வாளி பீரும் காய்ச்சினாள். திரும்பி வந்தபோது அதே கோட்டு, அதே ஓரம், அதே ஈஸ்ட். அவள் இறந்த பிறகு அந்த ஜாடி அவனுக்கு வந்தது. தினமும் காலையில் முகம் கழுவும் முன் கிணற்றுக்குள் தலையை விட்டு, "எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் அவனுக்கு மற்ற வேலை. கிணறு அவன் குரலிலேயே ஏதோ பதில் சொல்லும். அவனுக்கு அது போதும்.

ஒருவனைத் தவிர ஊரில் யாருக்கும் அவன் மேல் வருத்தம் கிடையாது. அந்த ஒருவன் அவனுடைய சகலை ஜிக்மாஸ். கிளியோபாஸின் மனைவி ஊர்சுலேயும் ஜிக்மாஸின் மனைவி தெக்லேயும் அக்கா தங்கைகள். ஜிக்மாஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவன், குட்டை, உருண்டை. எதையும் சிரிக்காமல் சொல்லுவான். அவன் பல்லை யாரும் பார்த்ததில்லை, இருக்கிறதா என்றே ஊரில் ஒரு சந்தேகம் உண்டு.

எழுபத்தெட்டு இலையுதிர் காலத்தில் கிளியோபாஸ் வீட்டில் உருளைக்கிழங்கு தோண்டினோம். ஊரே கூடியிருந்தது. வேலை முடிந்து பீர் வந்தது. ஜிக்மாஸ் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எப்படி இருக்கு சகலை?" என்று கிளியோபாஸ் கேட்டான்.

"தலைக்குத் தேய்ச்சுக் குளிக்க நல்லா இருக்கும்."

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன்.

"எங்கம்மா சைபீரியாலேர்ந்து கோட்டுல தைச்சுக் கொண்டுவந்த ஈஸ்ட்டுடா இது" என்றான் கிளியோபாஸ். முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

"ஈஸ்ட்டை யாரு குத்தம் சொன்னா? அந்தம்மா தங்கம். காய்ச்சினது நீதானே?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஓடைதான் இருவருக்கும் எல்லை. அக்காவும் தங்கையும் பலகைப் பாலத்தில் நாளைக்கு மூன்று தடவை போய்வருவார்கள். புருஷன்மார் இருவரும் தேவாலயத்தில்கூட எதிரெதிர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவன் காய்ச்சியதை மற்றவன் பதினேழு வருஷமாக நாக்கில் வைக்கவில்லை. ஆனால் ஒருவன் பீரைப் பற்றி மற்றவன் பேசாத ஞாயிறும் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் காய்ச்சுவதைப் பன்றி குடித்தால் பன்றிதான் மன்னிப்புக் கேட்கும் என்று கிளியோபாஸ் சொல்வான்.

தொண்ணூற்றாறு ஜூலையில் கிளியோபாஸின் ஒரே மகள் விலியாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மூன்று நாள் கல்யாணம், நூற்றிருபது பேர். தெக்லே விலியாவின் ஞானத்தாய், ஆகவே அந்த வீட்டை அழைக்காமல் இருக்க முடியாது. ஜிக்மாஸ் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான், தன் பீரைத் தானே பிளாஸ்கில் கொண்டுவந்துவிடுவானாம். கிளியோபாஸ் அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. சரி, ஒரு வேளை சாப்பிடவில்லை.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கௌனாஸ் நகரத்தில் வேலை பார்க்கும் விலியா ஒரு ஜாடி வாங்கிவந்தாள். வெளிநாட்டுக் கண்ணாடி. மூடிக்கு அடியில் ரப்பர் வளையம், மேலே இறுக்கிப் பூட்டுகிற கம்பிக் கொக்கி.

"அப்பா, உங்க ஈஸ்ட் எத்தனை நாள்தான் ஊறுகாய் ஜாடியிலயே இருக்கும்? இதுல போட்டுவைங்க" என்றாள்.

கிளியோபாஸுக்கு ஜாடியைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. தன் ஈஸ்டுக்கு மாளிகை கிடைத்துவிட்டது என்றான். கடைசிப் பீப்பாயின் வண்டல் முழுவதையும் பழைய ஜாடியிலிருந்து அதற்கு மாற்றினான். அது ஆனந்தமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் தேன்தண்ணீரும் ஊற்றினான். பிறகு, இத்தனை காலமும் வாயில் வெறும் துணியைத்தான் ஏன் கட்டினார்கள் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், கொக்கியைக் கிளிக்கென்று பூட்டிக் கிணற்றில் இறக்கினான்.

இரண்டாம் நாள் முற்பகல். நான் வேலியோரம் கருந்திராட்சை பறித்துக்கொண்டிருந்தேன். கிணற்றுக்குள் பீரங்கி வெடித்தது. துலாக்கம்பம் மூன்றடி எகிறிக் குதித்தது, கூட்டிலிருந்த நாரை, குளிர்காலம் வரும்வரை காத்திராமல், அன்றைக்கே ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டது. கிளம்பவில்லை, என் கூரை வரைக்கும்தான் பறந்தது, ஆனால் அதன் பார்வையில் ஆப்பிரிக்கா தெரிந்தது. யுத்தகாலத்துக் கண்ணிவெடி என்று நினைத்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். கிளியோபாஸ் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். கயிற்று நுனியில் கம்பிக் கொக்கி மட்டும், பூட்டியது பூட்டியபடி ஆடிக்கொண்டிருந்தது. கீழே தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு படலம்.

"எப்படி இருக்கே?" என்று ஓடிவந்தவர்களில் ஒருத்தன் கிணற்றுக்குள் குனிந்து கேட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. கிளியோபாஸின் முகத்தைப் பார்த்தால் சிரிக்க வராது.

அன்று முழுக்க அவன் வாளி வாளியாக இறைத்தான். ஒவ்வொன்றையும் முகர்ந்தான், கொஞ்சம் பார்லிச் சாறு கலந்து அடுப்போரம் வைத்தான், காதை வைத்துக் கேட்டான். ஒன்றும் பொங்கவில்லை. பீப்பாயின் அடியில் ஏதாவது ஒட்டியிருக்குமா என்று போய்ப் பார்த்தான். ஊர்சுலே அதை வெந்நீர் ஊற்றிக் கண்ணாடி போலத் தேய்த்துவைத்திருந்தாள். அவனிடமிருந்து ஈஸ்ட் வாங்கிய வீடுகள் இரண்டு. ஒரு வீட்டுக்காரி இறந்து, கிணற்றையும் மூடியாகிவிட்டது. இன்னொரு வீடு வனக்காவலர் வீடு, அவர்கள் எப்போதோ கடையில் விற்கும் சதுரக்கட்டி ஈஸ்டுக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கட்டியில் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள். கிளியோபாஸ் அதைத் தொடக்கூட இல்லை.

மறுநாள் காலை நான் போனபோது கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தான். முளைகட்டி உலர்த்திய பார்லி மூட்டை தயாராக இருந்தது, விறகு தயாராக இருந்தது, நாள் ஒன்பதுதான் இருந்தது.

"கட்டி ஈஸ்டைப் போட்டாலும் பொங்கும் கிளியோபாஸ்" என்றேன்.

"பொங்கும் டீச்சர். பொங்காம என்ன?" என்றான். "எங்கம்மா எட்டு வருஷம் சைபீரியால பொத்திப் பொத்திக் காப்பாத்தினா. நான் ஒரு கொக்கியை மாட்டிக் கொன்னுட்டேன். எம்பொண்ணு கல்யாணத்துல ஒவ்வொருத்தனும் கோப்பையைத் தூக்கறப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது?"

ஊர்சுலே அப்போதுதான் பால் வாளியோடு தொழுவத்திலிருந்து வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பேச்சில் சிக்கனக்காரி. ஒரு வார்த்தை சொல்லும் முன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள்.

"ஏ மனுஷா, உன் ஈஸ்ட் அழியல" என்றாள்.

"என்னடி சொல்றே?"

"இன்னொரு வீட்ல இருக்கு."

"எந்த வீட்ல?"

"ஓடைக்கு அந்தப் பக்கம்."

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வீடுதான். கிளியோபாஸ் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"நீங்க சண்டை போட்ட அந்தக் குளிர் வருஷத்துல, தெக்லே வீட்ல ஈஸ்ட் செத்துப்போச்சுன்னு வந்தா. நான் ஒரு சொம்பு குடுத்தேன்" என்றாள் ஊர்சுலே. "உன்கிட்டச் சொன்னா குதிப்பே. சொல்லல."

"பதினேழு வருஷமா அந்தப் பய எங்கம்மா ஈஸ்டுல காய்ச்சிக்கிட்டு என்னைக் கிண்டல் பண்ணியிருக்கான்."

"நீயும்தான் உங்கம்மா ஈஸ்டைப் பன்னி குடிக்காதுன்னு பேசியிருக்கே. போ, போய் வாங்கிட்டு வா."

அவன் உடனே போய்விடவில்லை. மதியம்வரை வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றான், ஜூலை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, நெற்றியில் புதுப் புடைப்போடு.

"டீச்சர், நீங்களும் வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா நான் கையை ஓங்க மாட்டேன்."

பாலத்தில் அவனை முன்னே விட்டு நடந்தேன். ஜிக்மாஸ் கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"வாங்க டீச்சர். கரண்ட் கம்பத்தையும் கூடவே கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"உள்ளே விடுவியா, இங்கயே நிக்கட்டுமா?" என்றான் கிளியோபாஸ்.

"நின்னா நாய் வந்து காலைத் தூக்கும். உள்ள வந்து உட்காரு."

தெக்லே சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும், உப்புப் போட்டு வேகவைத்த பட்டாணியும் கொண்டுவந்து வைத்தாள். கிளியோபாஸின் கோட்டுக்குள் ஜாடி இருந்தது. வயிறு முன்னே தள்ளிக்கொண்டு நின்றது.

"என்ன அத்தான், எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள் தெக்லே.

அவன் கோட்டை இழுத்து மூடிக்கொண்டான். முறைப்படி வந்த விஷயத்தைச் சொல்லக்கூடாதே. ஜிக்மாஸுக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. வெடிச்சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். ஆனால் கேட்க வந்தவன் குடித்து முடிக்கும்வரை அவனும் எதுவும் கேட்கக்கூடாது. மரக்கோப்பையை விளிம்புவரை நிரப்பி முன்னால் வைத்தான்.

கிளியோபாஸ் கண்ணை மூடிக்கொண்டு மருந்து குடிப்பது போல ஒரு வாய் விழுங்கினான். கண்ணைத் திறந்தான். இரண்டாவது வாயை அவசரப்படாமல் குடித்தான். மூன்றாவதை வாயிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். பிறகு கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான், சொட்டு விழவில்லை. கோட்டுக்குள்ளிருந்து ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு" என்றான் ஜிக்மாஸ். "தலைக்குத் தேய்க்கலாமா?"

"இது என்னுது."

"எது?"

"இந்த ருசி. முதல்ல ரொட்டி. நடுவுல வைக்கோல்ல விழுந்து பழுத்த ஆப்பிள். முழுங்கினப்புறம் பாதாம் தோல் மாதிரி ஒரு கசப்பு. ஆயிரம் கோப்பைல ஊத்தி வெச்சாலும் நான் கண்டுபிடிப்பேன் ஜிக்மாஸ். இது எங்க வீட்டு ஈஸ்ட்."

"உனக்கு வெடிச்சது ஜாடியா, மண்டையா? எங்க தாத்தா கொல்லுப்பட்டறை போட்ட வருஷத்துலேர்ந்து இது எங்க கிணத்துல தொங்குது."

"உன் பொண்டாட்டியைக் கேளு. குளிர் வருஷத்துல உன்னுது செத்துப்போச்சு. ஊர்சுலே குடுத்தனுப்பினா. கேளேன்."

ஜிக்மாஸ் தெக்லேயைத் திரும்பிப் பார்த்தான். தெக்லேயின் கை பாலாடைக்கட்டியில் பாதி இறங்கிய கத்தியோடு அப்படியே நின்றது. நான் பட்டாணியை மெல்லாமல் வாயில் வைத்திருந்தேன். அவள் கிளியோபாஸைப் பார்த்தாள். அவன் மடியில், இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்த காலி ஜாடியைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆமா" என்றாள். "ஜிக்மாஸ், கொஞ்சம் நிலவறைக்கு வா. பீப்பாய் மூடி கனமா இருக்கு."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். மேலே நானும் கிளியோபாஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கீழே முணுமுணுப்பு கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் ஏதோ அமுங்கிய ஒரு சத்தம், அடிபட்ட மாடு போல. கிளியோபாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜிக்மாஸ் மேலே வந்தபோது அவன் கண் சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. மீசை நனைந்திருந்தது. தோள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. தாத்தா காலத்து ஈஸ்ட் தன் கையிலேயே செத்துப்போனது என்று ஒரு மனுஷனுக்கு அறுபது வயதில் தெரிந்தால் வேறு எப்படி இருப்பான்? என் வகுப்பில் அழுத பையன்களைவிட அவர்களின் அப்பன்மார் அழுததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜிக்மாஸ் அழுது அன்றுதான் பார்த்தேன்.

கிளியோபாஸின் மடியிலிருந்த ஜாடியை வாங்கி, கீழிருந்து கொண்டுவந்த வண்டலால் கழுத்துவரை நிரப்பி, தன் கையாலேயே துணி கட்டினான். சரடு முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போ சகலை. உங்கம்மா சொத்து." குரல் உடைந்து வந்தது. "கொக்கி கிக்கி மாட்டித் தொலைக்காதே."

கிளியோபாஸுக்கு நன்றி சொல்ல வேண்டும் போல வாய் துடித்தது. சொல்லக்கூடாது. ஜாடியை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஜிக்மாஸின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தான். பதினேழு வருஷக் கோபமும் அந்த ஓர் அறையில் போய்விட்டது. வாசலைத் தாண்டும்போது குனிய மறந்தான்.

மறுநாள் விடிந்ததும் காய்ச்சினார்கள், இருவரும் சேர்ந்து. அந்த அமளியை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. சாறு வடிகட்டத் தொட்டியின் அடியில் வைக்கோலை இப்படிப் பரப்பணுமா அப்படிப் பரப்பணுமா என்பதற்கே ஒரு மணி நேரம். பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூவை எத்தனை கொதி விடுவது என்பதற்கு இன்னொரு மணி. கடைசியில் சாறு ஆறி, கன்றுக்குட்டிக்குப் புகட்டுகிற பால் சூட்டுக்கு வந்தது. ஈஸ்டை ஊற்றுகிறவன் மனசில் கசப்பு இருந்தால் பீரும் புளித்துவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் இருவரும் ஒரு கோப்பை குடித்து மனசை இனிப்பாக்கிக்கொண்டார்கள். ஒன்று போதவில்லை என்று இன்னொன்று. ஈஸ்டை ஊற்றும் நேரத்துக்கு இருவர் மனசும் அவ்வளவு இனித்துப்போய், தொட்டி எங்கே இருக்கிறது என்று ஊர்சுலேதான் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் மதியத்துக்குள் நுரை ஏறியது. சாயங்காலம் அது தொட்டியை விட்டு இறங்கி, வாசலைக் கடந்து, பாலத்தின் வழியாக ஜிக்மாஸ் வீட்டுக்கே திரும்பி நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. வாசல்வரை என்று வைத்துக்கொள்வோம்.

கல்யாணத்தன்று ஜிக்மாஸ் பிளாஸ்க் இல்லாமல் வந்தான். முதல் கோப்பையைக் கிளியோபாஸ் ஊற்ற, ஜிக்மாஸ் குடித்தான். நூற்றிருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் மீசையைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "காய்ச்சினது நானும்தானே."

கிளியோபாஸ் பெஞ்சில் ஏறி நின்று பேசினான். அம்மாவைப் பற்றி, கோட்டைப் பற்றி, தையலைப் பற்றி. "இந்த ஈஸ்ட் என்னைப் பெத்தவ குடுத்தது. நான் கொன்னேன். பதினேழு வருஷமா தெரியாமயே வளர்த்துக் குடுத்தவன் இதோ உக்காந்திருக்கான்" என்று ஜிக்மாஸைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். ஜிக்மாஸ் அந்தரத்தில் தொங்கியபடி எல்லோருக்கும் தலைவணங்கினான். விலியா அழுதாள், மாப்பிள்ளை அழுதான், அழுகிற காரணம் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டார் அழுதார்கள். மூன்றாம் நாள் காலையில் பீப்பாயைக் கவிழ்த்தபோது கிளியோபாஸ் அடிவண்டலை வழித்து இரண்டு ஜாடியாகப் பங்கிட்டான். அந்த ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது. இங்கே ஒரு ஜாடி, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாடி. எது போனாலும் மற்றது இருக்கும். ஜிக்மாஸ் இந்த ஏழு வருஷமாக அதை "உங்கம்மா ஈஸ்ட்" என்றுதான் சொல்கிறான், ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று ஊர்சுலேயின் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஊர்சுலே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தெக்லே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் இருவரும் வெளியே கிணற்றடியில் ஏதோ கயிற்றின் நீளத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாரை ஆப்பிரிக்கா போனதற்கோ, நுரை நடந்து போனதற்கோ இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசித்து முடித்ததும் தெக்லே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர். ரெண்டே இடத்துல திருத்துங்க" என்றாள். "அக்கா எனக்கு ஈஸ்ட் குடுக்கல. நான்தான் அக்காவுக்குக் குடுத்தேன். அந்தக் குளிர் வருஷம் கிணறு அடிவரைக்கும் உறைஞ்சுது பாருங்க, அப்ப இவங்க ஜாடிதான் விரிசல் விட்டு, ஈஸ்ட் செத்துப்போச்சு. அத்தான் காய்ச்சல்ல படுத்திருந்தாரு. அக்கா அழுதுக்கிட்டே வந்தா. எங்க ஜாடியிலேர்ந்து பாதி ஊத்திக் குடுத்தேன். அந்த ஈஸ்டருக்கு அத்தான் குடிச்சுப் பாத்துட்டு, எங்கம்மா ஈஸ்ட் வயசாக ஆக நல்லா ஆகுதுன்னாராம்."

ஊர்சுலே மாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னொரு இடம்?" என்றேன்.

"நிலவறைல அவர் அழல டீச்சர். இதைத்தான் அவர்கிட்டச் சொன்னேன். மேல கேட்டுடக் கூடாதுன்னு கோணிப்பையை வாயில கடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. சிரிச்சு முடிச்சுட்டு, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, 'அவங்கம்மா கோட்டுல தைச்சுக் கொண்டாந்தது என்னைக்கோ செத்துப்போச்சுன்னு நான் போய் அவன்கிட்டச் சொல்லணுமா? சும்மா இரு, நான் அவன் ஜாடியை நிரப்பித் தரேன்'னு மேல வந்தாரு."